ஜப்பானுக்குப் போகும் பல்லாங்குழி



போன பதிவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று இரண்டு மூன்று பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இது நீளம். காப்பியோடு உட்காருங்கள்.

நம்ம வல்லத்திராக்கோட்டைப் பக்கம் "வெளிநாட்டுச் சாமான்" என்றால் அது வருகிற சாமான்தான். ரங்கூனிலிருந்து வந்தது, மலாயாவிலிருந்து வந்தது, கொழும்பிலிருந்து வந்தது, பிறகு சிங்கப்பூர், துபாய். கோடாலித் தைலம், கட்டம் போட்ட கைலி, டார்ச் லைட்டு, வாசனை சோப்பு. கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் இப்படிப் போய் வருகிறவர்களைச் 'சபுராளி' என்பார்கள். சபுராளி பெட்டியைத் திறக்கிற நேரத்தில் தெருப்பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில்தான் இருக்கும். இங்கிருந்து என்ன போனது? ஊறுகாய், அப்பளம், கருவாடு, வறுத்த முந்திரி. அதுவும் அங்கே பிழைக்கப் போன நம்ம ஆளுக்கே போனது. அந்நிய தேசத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நம்ம ஊர்ப் பொருள் எதைக் கொடுக்கலாம் என்று யோசிக்கிற அவசியம் நம்ம முன்னோருக்கு அனேகமாக வந்ததே இல்லை.

இப்போது வந்திருக்கிறது. என்னிடம் 1980களில் படித்த தம்பி ஒருவனின் மகள் கல்லூரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் போகிறாள். விடுதி கிடையாது. ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். அந்த வீட்டில் ஏழு வயதுப் பெண்ணும் பத்து வயதுப் பையனும் இருக்கிறார்கள். "சார், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தனுப்புறது? ஒரு பெரிய சாக்லேட் டப்பாவும், தாஜ்மகால் பொம்மையும் வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றான்.

"தாஜ்மகாலை நீயே பார்த்ததில்லையேப்பா" என்றேன்.

சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது கெடக்கட்டும் சார். அம்மாதான் ஒத்துக்க மாட்டேங்குது. ஜப்பான்காரன் வீட்டுக்கா பரிசு கொண்டு போறேன்னு பேத்திகிட்ட கேட்டிருச்சு" என்றான்.

அந்த அம்மாவுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார். 1942 தொடக்கத்தில் மலாயா முழுவதும் ஜப்பான் ராணுவத்தின் கைக்குப் போனது. அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "அவரைச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிப் போனார்கள்" என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவுதான் அந்த வீட்டுக்குக் கிடைத்த சேதி.

வகுப்பில் நான் இதைச் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கலாம். சயாம்–பர்மா ரயில் பாதை, சுமார் 415 கிலோமீட்டர். 1942–43இல் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்டது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் அதில் மடிந்ததைப் பற்றி சினிமாவே வந்தது. ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மடிந்தவர்கள் ஆசியக் கூலிகள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். காலரா, மலேரியா, பட்டினி. பெயர் பொறித்த கல்லறை கைதிகளுக்கு இருக்கிறது, நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. நம்ம மாவட்டத்துப் பெருங்களூரில் பிறந்த அகிலன், மலாயாத் தோட்டத் தமிழர் வாழ்க்கையைப் 'பால்மரக் காட்டினிலே' என்று நாவலாகவே எழுதினார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

ஆகவே அந்த அம்மா கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வரலாறு படித்தவன் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் வரலாறு அங்கேயே நின்றுவிடவும் இல்லை. அதற்கு ஒரு யானைக் கதை இருக்கிறது.

டோக்கியோவில் உவேனோ என்று ஒரு பெரிய மிருகக்காட்சி சாலை. 1943இல், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் ஊருக்குள் வந்துவிடும் என்று காரணம் சொல்லி, சிங்கம், புலி, கரடி எல்லாவற்றையும் கொன்றுவிட உத்தரவு வந்தது. மூன்று யானைகள் இருந்தன. அவற்றைத் தீனி போடாமலேயே சாகவிட்டார்கள். தீனிக்காகப் பாகன்கள் முன்னால் அவை பழகிய வித்தைகளைச் செய்து காட்டின என்று சொல்வார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் டோக்கியோப் பிள்ளைகளுக்கு யானை பார்க்கும் ஆசை வந்தது. மொத்த ஜப்பானிலும் மிஞ்சியது நகோயா என்ற ஊரில் இருந்த இரண்டே யானைகள். ஒன்றைக் கடனாகக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அதனால் பிள்ளைகளை ரயிலில் ஏற்றி நகோயாவுக்கே கூட்டிப் போய்க் காட்டினார்கள். அதற்கு யானை ரயில் என்றே பெயர்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் நம்ம பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்றிரண்டு இல்லை, 800க்கும் மேல். ஓர் இந்திய வியாபாரி வழியாக அந்தக் கட்டு டெல்லிக்கு வந்து சேர்ந்தது. 1949 செப்டம்பரில் மைசூர்ப் பக்கத்து யானை ஒன்று கப்பலில் டோக்கியோ போய் இறங்கியது. நேரு அதற்குத் தன் மகளின் பெயரான இந்திரா என்பதையே வைத்திருந்தார். கூடவே ஒரு கடிதம். இந்த யானை நான் தருவதாக எண்ண வேண்டாம், இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குத் தருவதாக எண்ணுங்கள் என்பது அதன் சாரம்.

வருஷத்தைக் கவனியுங்கள். 1949. சயாமில் செத்தவர்களின் வீடுகளில் இழவுத் துயரம் ஆறியிருக்காது. அந்தமானில் ஜப்பான் ராணுவம் நம்மவர்களைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். 1952இல் இந்தியா ஜப்பானோடு தனியாகச் சமாதான ஒப்பந்தம் போட்டபோது போர் நஷ்டஈடும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. அது சரியா என்று சயாமில் அப்பனைப் பறிகொடுத்த வீட்டை யாரும் கேட்கவில்லை, அது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனால் யானை விஷயத்தில் எனக்கு உறுத்தல் இல்லை. போரைத் தொடங்கியவர்கள் அந்தப் பிள்ளைகள் அல்ல. அதே ராணுவ ஆட்சியால் தங்கள் யானைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

இன்னொரு விஷயம், நம்ம கேள்விக்கு இதுதான் முக்கியம். யானை தனியாகப் போகவில்லை. கூடப் பாகர்களும் போனார்கள். அது கன்னடத்தில் பழகிய யானை. நில், நட, உட்கார் என்று ஜப்பான் மொழியில் சொன்னால் அதற்கு என்ன புரியும்? உவேனோக்காரர்கள் நம்ம பாகர்களிடம் கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அது அங்கத்து யானை ஆனது. 1983 வரை இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் டோக்கியோவில் இருக்கிறார்கள். நம்ம பெண் தங்கப்போகும் வீட்டுத் தாத்தா பாட்டியைக் கேட்டால் அவர்களே சொன்னாலும் சொல்லுவார்கள்.

(நேரு இதோடு நிற்கவில்லை. பெர்லினுக்குச் சாந்தி என்ற யானை, ஆம்ஸ்டர்டாமுக்கு முருகன் என்ற யானை என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். டச்சுப் பிள்ளைகள் முருகா முருகா என்று கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.)

இதற்கு நேர்மாறாக முடிந்த கதையும் ஒன்று உண்டு. 1924இல் அமெரிக்கா, ஜப்பானியர் குடியேற முடியாதபடி சட்டம் போட்டது. இரண்டு நாட்டுக்கும் மனத்தாங்கல். ஜப்பானில் பல காலம் இருந்துவிட்டு வந்த சிட்னி குலிக் என்ற பாதிரியார், குழந்தைகள் வழியாகச் சினேகம் உண்டாக்கலாம் என்று ஒரு திட்டம் போட்டார். 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் 12,739 பொம்மைகளை ஜப்பான் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். நீலக்கண் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குட்டி பாஸ்போர்ட்டு. பதிலுக்கு ஜப்பான் அனுப்பியது 58 பெரிய பொம்மைகள், பட்டு கிமோனோ உடுத்தியவை. பிறகு போர் வந்தது. எதிரி நாட்டுப் பொம்மை என்று பிள்ளைகள் கண் முன்னாலேயே அவற்றை எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். இன்று ஜப்பானில் மிஞ்சியிருப்பவை சில நூறுதான்.

அந்தச் சில நூறு எப்படி மிஞ்சின தெரியுமா? பல இடங்களில் பள்ளிக்கூட வாத்தியார்களும் டீச்சர்களும் அலமாரிக்குப் பின்னால், பரண் மேல் ஒளித்துவைத்தார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. மாட்டியிருந்தால் தேசத்துரோகி என்று பெயர். முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்தவன் என்ற முறையில் அந்த முகம் தெரியாத சக ஊழியர்களுக்கு இங்கிருந்து ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டாயிரம் பொம்மையை மொத்தமாகக் கப்பலில் ஏற்றியது பெரிய காரியம்தான். ஆனாலும் என் அபிப்பிராயம், அது நாட்டுக்கு நாடு கொடுத்த பரிசாகப் போய்விட்டது. நாடுகள் சண்டை போட்டபோது பொம்மையும் எதிரி ஆகிவிட்டது. மிஞ்சியவை எல்லாம், யாரோ ஒருவர் கையில் எடுத்து, இது நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை விளையாடியது என்று நினைத்தவை.

சரி, நம்ம பெண்ணின் பெட்டிக்கு வருவோம்.

வீட்டில் முதலில் எடுத்துவைத்தது என்ன தெரியுமா? அம்மன் காசு. தொண்டைமான் சமஸ்தானம் போட்ட குட்டிச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு இதைத் தானமாகக் கொடுப்பார்கள். அந்தத் தம்பி வீட்டில் அஞ்சறைப்பெட்டிக்குள் ஏழெட்டு கிடந்தன. "இதைவிட நம்ம ஊர்ப் பொருள் எது சார்?" என்றான். உண்மைதான். ஆனால் கொண்டுபோகக் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை, காசாக இருந்தாலும், நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. அம்மன் காசில் வருஷம் போட்டிருக்காது. விமான நிலையத்தில் "இது எங்க தாத்தா காலத்துது" என்று பெருமையாகச் சொன்னால் அதுவே வினை. படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மற்றவர்கள் காசைப் பார்க்க வேண்டுமானால் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தப் படத்துக்கு அங்கே நல்ல மரியாதை கிடைக்கும், காரணம் இருக்கிறது. ஜப்பானில் மார்ச் 3 அன்று ஹினமத்சுரி என்று பெண் குழந்தைகளுக்கான ஒரு பண்டிகை. படி கட்டி, சிவப்புத் துணி விரித்து, மேல்படியில் ராஜா ராணி, கீழே தோழிகள், பாட்டுக்காரர்கள் என்று பொம்மை வைப்பார்கள். அமெரிக்கப் பொம்மைகளும் அந்தப் பண்டிகையை ஒட்டித்தான் போய்ச் சேர்ந்தன. நம்ம கொலுவேதான். ஏழு வயதுப் பெண்ணிடம் நம்ம வீட்டுக் கொலுப் படத்தைக் காட்டினால் மொழியே வேண்டியதில்லை. (புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் 1948 மார்ச் 3 அன்றுதான். தேதி நினைவில் வைக்கச் சுலபம் என்று சொல்கிறேன், வேறு சம்பந்தம் இல்லை.)

தஞ்சாவூர் பொம்மை கொடுக்கலாம் என்று அவன் அக்கா சொன்னார். நல்ல யோசனைதான். தள்ளினால் சாய்ந்து எழுந்து நிற்கிற பொம்மை அவர்களிடமும் உண்டு, தாருமா என்று பெயர். ஏதாவது வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்கு மை வைப்பார்கள், நிறைவேறினால் அடுத்த கண்ணுக்கு. நம்ம செட்டியார் பொம்மையையும் தாருமாவையும் பக்கத்தில் வைத்தால் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் மண்ணும் காகிதக்கூழும் சேர்ந்த பொருள். மூன்று விமானம் மாறிப் போகிற பெட்டியில் தலை தனியாக வந்தால் முதல் நாளே சங்கடம். துணி சுற்றிக் கைப்பையில் வைத்தால் சரி.

தின்பண்டம் சுலபம் இல்லை. ஜப்பானில் ஊர் போய் வருகிறவர்கள் 'ஒமியாகே' என்று அந்தந்த ஊர்ப் பண்டத்தைத் தனித்தனியாகப் பொதிந்து வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுப்பது வழக்கம். அதனால் ஆதனக்கோட்டை முந்திரி கொண்டுபோனால் அவர்களுக்கு அர்த்தம் புரியும். வறுத்து, கடையில் அடைத்த பொட்டலமாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு முந்திரி ஒவ்வாமை உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், அங்கே அதை ரொம்பவும் கவனிக்கிறார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் ஜப்பானுக்குள் போகாது, ஆகவே கருவேப்பிலை போட்டு வறுத்த உப்புக்கண்டத்தை மறந்துவிடுங்கள். பழம், விதை, வைக்கோல் எல்லாவற்றுக்கும் கெடுபிடி. நாலு நாலாக எதையும் கொடுக்க வேண்டாம். நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. கொடுத்த பொட்டலத்தை உங்கள் முன்னால் பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது அவர்கள் மரியாதை. பரிசைத் துணியில் பொதிவது அவர்களுக்குப் பழக்கம், அதற்கென்றே சதுரத் துணி உண்டு. நாம் மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தால் குறைவே இல்லை.

பிறகுதான் நான் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். "உங்க அம்மா கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பல்லாங்குழி பரண்ல இருக்குமேப்பா, பெண்ணுக்கு விளையாடத் தெரியுமா?"

தெரியாதாம். பெட்டியில் எதை வைத்தாலும் அதை ஆடத் தெரிந்த ஆள் கூடப் போகாவிட்டால், யானையை அனுப்பிப் பாகனை நிறுத்தின கதைதான். சாக்லேட் ஒரு சாயங்காலத்தில் தீரும். பாட்டரி கார் அங்கே இதைவிட நல்லதாகவே கிடைக்கும். பல்லாங்குழிக்கு எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். மொழி தெரியாத வீட்டில், முதல் வாரத்தில், ஏழு வயதுப் பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார ஒரு காரணம் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமா?

பழைய மரப் பல்லாங்குழியை அனுப்பவில்லை. அது பாட்டி சொத்து, கனமும் அதிகம். மடக்கிவைக்கிற புதுப் பலகை ஒன்று வாங்கினார்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து வீதம் எழுபது காய். புளியங்கொட்டை விதைக் கணக்கில் வரும், விடமாட்டார்கள். குன்றிமணி பார்க்க அழகுதான், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு எந்த நாட்டிலும் கொடுக்கக் கூடாது. நம்ம வீடுகளில் கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். கடைசியில் வண்ணச் சட்டைப் பித்தான் எழுபது. தையல்கடையில் எண்ணி வாங்கினார்கள்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. அந்த வீட்டில் முழுசாக ஆடத் தெரிந்தவர் ஒருவர்தான். இரண்டு நாள் அப்பத்தா முகம் கொடுக்கவில்லையாம். மூன்றாம் நாள் பேத்தி தானே காயைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "அது அப்படி இல்லடி, தள்ளு" என்று வந்து உட்கார்ந்துவிட்டார். ஜப்பான் பற்றி எதுவும் பேசவில்லை. குழியில் நாலு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர், குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பேத்தி, "அப்பத்தா, அங்கே நாலுன்னாலே சாவாம்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கொஞ்ச நேரம் காயை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "நம்ம ஆட்டத்துல நாலுன்னா பசுதான்னு அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லு" என்றாராம்.

பத்து வயதுப் பையனுக்கு ஒரு மரப் பம்பரமும் சாட்டையும். பம்பரம் ஜப்பானிலும் உண்டு, கோமா என்பார்கள், கயிறு சுற்றித்தான் விடுவார்கள். யார் பம்பரம் அதிக நேரம் சுற்றுகிறது என்று முதல் நாளே போட்டி போடலாம். நம்ம பம்பரத்து ஆணி கூர்மை. வீட்டுக்குள் பாய் விரித்த தரை, கிழித்துவிடும். வெளியில்தான் விட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். சொட்டாங்கல்லுக்கு எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை. பயறு அடைத்த குட்டித் துணிப்பைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற 'ஒதெதாமா' என்ற ஆட்டம் அங்கே பாட்டிமார் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. கை பழகியிருந்தால் போதும்.

அடுத்த மாதம் விமானம். பல்லாங்குழி விதிகள் ஊருக்கு ஊர் மாறும். காசி தட்டுவது, வெறுங்குழி வந்தால் அடுத்த குழியைத் துடைத்து அள்ளுவது, கடைசியில் காய் பற்றாதவர் குழியைத் தக்கம் வைப்பது இதிலெல்லாம் ஆலங்குடிப் பக்கம் ஒரு மாதிரி, அறந்தாங்கிப் பக்கம் ஒரு மாதிரி என்று வீட்டிலேயே தகராறு நடக்கிறது. உங்கள் வீட்டு அம்மா, அப்பத்தா, அம்மாச்சி எப்படி ஆடினார்கள் என்பதைக் கேட்டுக் கீழே எழுதுங்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறாள்.